உங்க நேட்டிவ் எது?

அமெரிக்காவுல ஜெர்சி பக்கம், ஈஸ்ட் பிரன்ஸ்விக்ல பத்மநாபன் சாரைத் தெரியாத தமிழன் கிடையாது. அப்படி என்னத்தைச் சாதிச்சுட்டார்னு கேட்டுடாதீங்க. மருந்துக் கம்பெனில, மாத்திரை தண்ணியில ஒழுங்காக் கரையுதான்னு பார்க்கிற உத்தியோகம். மத்தபடி அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒரே கேள்வி: "உங்க நேட்டிவ் எது?"

புதுசா யார் வந்தாலும் பேர் கேக்கறதுக்கு முன்னாடி சொந்த ஊரைத்தான் கேப்பார். ஊரைச் சொன்னாலும் விடமாட்டார். எந்தத் தெரு, யார் வீட்டுக்குப் பக்கம்னு தோண்டித் துருவி, ஆள் இன்னார்னு ஒரு முடிவுக்கு வந்தப்புறம்தான் மூச்சு விடுவார். என்கிட்டேயும் கேட்டார். "பொள்ளாச்சிங்க"ன்னேன். "பொள்ளாச்சியேவா, பக்கத்துல கிராமமா?" கிராமம்தான்னேன். அப்புறம்தான் பேரைக் கேட்டார். "தாமரைச்செல்வியா? அதானே பார்த்தேன்"னு ஒரு சிரிப்பு. அன்னையிலிருந்து தமிழ்ச் சங்கத்து விழான்னா எனக்குச் சாம்பார் ஊத்துற டூட்டி. மேடையெல்லாம் மாயவரத்துக்காரங்களுக்குத்தான். அவருக்கு மாயவரம். அதைச் சொல்லாம அந்த மனுஷன் ஒரு வாய் காபி குடிச்சு நான் பார்த்ததில்லை.

அவர் பொண்ணு மானஸாவுக்காகத்தான் நான் அந்த வீட்டுக்குப் போறதே. நல்ல புள்ள. வயோலா வாசிக்கும். வயலின் மாதிரிதான், கொஞ்சம் பெருசு, குரல் கொஞ்சம் கட்டை. அப்பாவுக்கு அது "இங்கிலீஷ் ஃபிடில்". ஒரு கச்சேரிக்குப் போனவரில்லை. அம்மா பர்வதத்துக்கு ஃப்ரீவேல ஓட்ட பயம். அதனால ஹைஸ்கூல் காலம் பூரா அந்தப் புள்ளையைக் கிளாஸுக்கு ட்ரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போனவ நான்.

தொண்ணூத்தெட்டுல காலேஜ் முடிச்சதும் மானஸாவை ஒரு குவார்ட்டெட்ல சேர்த்துக்கிட்டாங்க. நாலே பேர். மைக் கிடையாது, சின்ன ஹால்ல கிட்டக்க உக்காந்து கேக்கணும். சேம்பர் மியூசிக்னு பேராம். முதல்ல ஜெர்சி முழுக்க லைப்ரரி, சர்ச் ஹால்னு ஒரு ரவுண்டு. அப்புறம் ஒரு வருஷம் வெளி ஸ்டேட் டூர். அதுக்கு மெடிக்கல் ஸ்கூலைத் தள்ளிப் போடணும், அப்பா சரின்னு சொல்லணும். "ஒரே ஒரு தடவை வந்து கேளுங்கப்பா. கேட்டுட்டு நீங்க நோ சொன்னா விட்டுடறேன்"னு புள்ள கெஞ்சியிருக்கு. "பார்க்கலாம்"னுட்டார் பெரிய மனுஷன்.

அப்புறம் ஒரு நாள் போன்ல மானஸா சொல்லுச்சாம், எல்லாம் இப்ப உயிரோட இருக்கிறவங்க எழுதின பீஸ், மெயின் பீஸ் ஒரு நேட்டிவ் கம்போசரோடது, அவரே நேர்ல வர்றார், பேர் டேனியல் சாமுவேல்ஸ்னு.

"நேட்டிவா? சாமுவேலா? பாளையங்கோட்டைக்காரன்டி!"ன்னு துள்ளி உக்காந்துட்டாராம். "வரேன்னுட்டார் தாமரை, வரேன்னுட்டார்"னு பர்வதம் எனக்குப் போன் பண்ணி அழுதா. அமெரிக்காவுல நேட்டிவ்னா இந்த மண்ணோட பூர்வகுடின்னு இத்தனை வருஷம் வீட்டுக்குப் பேப்பர் வாங்கினவருக்குத் தெரியலை பாருங்க. தள்ளுபடிக் கூப்பன் மட்டும் கிழிச்சா எங்கேருந்து தெரியும்!

ஞாயித்துக்கிழமை, பிரிட்ஜ்வாட்டர்ல ஒரு சர்ச் ஹால். பர்வதத்துக்குக் காய்ச்சல். நான்தான் காரை ஓட்டினேன். அவர் பட்டு வேட்டி, ஜிப்பா, கையில பிளாஸ்டிக் கவர் பிரிக்காத பொன்னாடை. வழி நெடுக எனக்குப் பாராட்டுரை ரிகர்சல் வேற.

வாசிச்சாங்க. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனா கடைசியில மத்த மூணு பேரும் நிறுத்திட்டாங்க, மானஸா மட்டும் தனியா வாசிச்சது. யாரோ அழுகையை அடக்கிக்கிட்டுப் பேசுற மாதிரி இருந்தது. பத்மநாபன்? தொடையில தாளம் போட்டுப் பார்த்தார், சிக்கலை. விட்டுட்டு, ஓரமா உக்காந்திருந்த கம்போசரையே முறைச்சு முறைச்சுப் பார்த்தார். மாநிறம், கருகருன்னு முடி. "ஜாடையே சொல்றதே, திருநெல்வேலிதான்"னு என் காதுல கிசுகிசுக்கிறார். பெத்த பொண்ணு உசிரைக் குடுத்து வாசிச்சிட்டிருக்கு, இவர் ஜாடை பார்க்கிறார்! பளார்னு ஒண்ணு விடலாம்னு வந்துச்சு எனக்கு.

முடிஞ்சதும் டேனியல் மேடையேறி, யாருக்காவது எதாவது கேக்கணுமான்னார். நம்மாள் பொன்னாடையைப் பிரிச்சுக்கிட்டே மேடைக்குப் போயிட்டார். "வணக்கம் தம்பி! வாட் இஸ் யுவர் நேட்டிவ்?"

வணக்கம் அவருக்குப் புரியலை. கேள்வி புரிஞ்சது. அப்புறம் இங்கிலீஷ்ல மெதுவாச் சொன்னார்: "இதுதான். இந்த ராரிட்டன் ஆத்தங்கரை. எங்க ஆளுங்களை இங்கேருந்து துரத்தித் துரத்தி ஒக்லஹோமாவுல கொண்டு போய் விட்டாங்க. நான் பொறந்தது அங்க. எங்க ஊரை இன்னிக்குத்தான் முதல் தடவையாப் பார்க்கிறேன்." பொன்னாடையைப் பார்த்ததும் அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. போர்வை போர்த்தி மரியாதை பண்றது அவங்க பக்கமும் உண்டாம். தலையைக் குனிஞ்சு நின்னார்.

பத்மநாபன் என்ன பண்ணினார் தெரியுமா? "ஓ, யூ ஆர் தட் இண்டியன்"னுட்டு, பொன்னாடையை மடிச்சுக் கக்கத்துல வெச்சுக்கிட்டுத் திரும்பிட்டார். அந்த மனுஷன் தலை குனிஞ்சபடியே நிக்கிறார். சீ, இதெல்லாம் ஒரு ஜென்மமா!

மானஸா வயோலாவை நாற்காலியில வெச்சது. நேரா வந்து அப்பா கக்கத்திலேருந்து பொன்னாடையை உருவினது. உதறி, டேனியல் தோள்ல போர்த்திக் கை கூப்பினது. அப்பா மூஞ்சியை ஏறிட்டுக்கூடப் பார்க்கலை.

கச்சேரி கலைஞ்சு வாசல்ல நிக்கறோம். "யாரோ எவனோ, அவனுக்குப் போய் நம்ம பொன்னாடையை..."ன்னு இவர் ஆரம்பிச்சார். எப்பவும் இங்கிலீஷ்லயே பதில் சொல்ற புள்ள அன்னைக்குத் தமிழ்ல கேட்டது: "அப்பா, நான் தனியா வாசிச்சது எந்த இடத்துல?"

இவர் முழிச்சார். "ஆரம்பத்துலதானே?"

"ஓகே. நான் டூர் போறேன். மெடிக்கல் ஸ்கூலுக்கு நானே சொல்லிக்கறேன்."

"நான் இன்னும் சரின்னே சொல்லலையே! என்னைக் கேக்க வேண்டாமா?"

"நீங்க கேக்கலை"ன்னுது மானஸா. "அதான் நானும் கேக்கலை."

மத்த மூணு பேரும் வேன்ல காத்திருந்தாங்க. ஏறிப் போயிடுச்சு. பிளாஸ்டிக் கவரைக் கையில வெச்சுக்கிட்டு அவர் பார்க்கிங் லாட்லயே நின்னார். வந்து ஏறுங்கன்னு நானும் கூப்பிடலை.