கடலை உடைக்கும் மெஷின் ஓடிய நாள்

சித்தூர் எரிந்தது என்று எழுதினால் பொய். பலகைகள்தாம் எரிந்தன. தமிழ்ப் பலகை, தெலுங்குப் பலகை. ஒருவன் தார் பூசினான், ஒருவன் கொளுத்தினான். ஆந்திர மாநிலம் பிறந்துவிட்டது. எல்லை எங்கே விழுமோ என்று ஊர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த வருஷங்கள். அந்தப் புகைக்குள்தான் என் சிநேகிதனை எங்கள் முதலாளியிடம் கூட்டிப்போனேன்.

அவன் நகரிக்காரன், லேத் பட்டறையில் கூலி. கடலையை உடைத்து, தோலையும் பருப்பையும் தனித்தனியாகத் துப்பும் மெஷின் ஒன்றைத் தானே செய்திருந்தான். நான் எண்ணெய் மில் குமாஸ்தா. நச்சரித்து நச்சரித்து முதலாளியைச் சம்மதிக்க வைத்தேன். ஓடினால் அவனுக்குச் சொந்தப் பட்டறை. ஓடாவிட்டால் ஆயுசுக்கும் அடுத்தவன் லேத்.

ஓடியது. பேய் மாதிரி ஓடியது. மூட்டை மூட்டையாய் நொறுக்கி விழுங்கி, பருப்பை வாரி உமிழ்ந்தது. மில் முற்றத்தில் குந்தி, நகம் பிய்யப் பிய்யக் கடலை உரித்த பெண்களின் கை நின்றது. அவர்களில் ஒருத்தி அவனுடைய அக்கா.

"இதுக்காடா உனுக்குச் சோறு ஆக்கிப் போட்டேன்?"

"நீ இனிமே உரிக்கவே வாணாங்க்கா. குந்திக்கினு துன்னு."

"எதைடா துன்றது? உன் தகரத்தையா?"

அவள் எறிந்த கல் அவன் நெற்றியைப் பிளந்தது. அப்புறம் எல்லாக் கைகளிலும் கல், கட்டை, கடப்பாரை. மெஷின் வாய் கிழிந்தது. பெல்ட் அறுந்து, சீறிச் சுழன்று என் முழங்கையை முறித்தது. புத்தூர்க் கட்டுப் போட்டும் அது இன்றுவரை கோணல்தான்.

போலீஸ் ஓடி வந்தது. முதலாளி நிதானமாகச் சொன்னார்: "எல்லை கலாட்டா சார். வெளியாளுங்க. ஓடிட்டானுங்க."

அந்நாட்களில் அது போதும். போலீஸ் போனதும் என் சிநேகிதன் பக்கம் திரும்பி, தெலுங்கு கலந்து மெச்சினார்.

"ரேய், மெஷின் பாகுந்திரா! நல்லா ஓடலேன்னா இவளுங்களுக்கு இத்தினி கோவம் வருமா? இன்னொண்ணு செஞ்சி குடு. பட்டறை நான் வெச்சித் தரேன்."

ரத்தம் கண்ணுக்குள் இறங்க, அவன் அக்காவைப் பார்த்தான். அவள் கையில் இன்னொரு கல் இருந்தது. நான் ஒதுங்கி நின்றேன்.

"செய்றேன் முதலாளி."

அவள் எறியவில்லை. கல்லை நழுவவிட்டு, உரித்து வைத்த பருப்பைத் திரும்பியும் பாராமல் கேட்டைத் தாண்டினாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

"யக்கா!" கேட் வரைக்கும் ஓடினான்.

"ரேய், இங்க வாடா," என்றார் முதலாளி.

வந்தான்.