பதினோரு பேரை விழுங்கிய எட்டுக் கணினிகள்

அம்சம் என்ற பெண் கண்டுபிடித்த தவற்றைச் செய்தவன் நான். ஆகவே அவரைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. அப்பா காத்தான் பண்ணையாளாக இருந்தவர். விவசாயச் சங்கத்துக்காரர்கள் கொடி பிடித்துப் போராடிய காலத்தில் மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர் நிலத்துக்குக் குத்தகைக்காரர் ஆனார். மகள் பிளஸ் டூ, டைப்ரைட்டிங் ஹையர், கம்ப்யூட்டர் டிப்ளமோ எல்லாம் முடித்துக்கொண்டு, 1998இல் தஞ்சாவூரில் எங்கள் கம்பெனிக்கு வேலை கேட்டு வந்தார்.

"என்ன வேலைம்மா தெரியும்?" என்று கேட்டார் முதலாளி இராஜாங்கம்.

"தப்பு கண்டுபிடிக்கத் தெரியுங்க."

முதலாளி சிரித்தார். புரோகிராம் எழுதுகிற நான் சிரிக்கவில்லை.

அப்போது ஒரு தாலுகாவின் குத்தகைதாரர் பதிவேட்டைக் கணினியில் ஏற்றித் தரும் வேலைக்கு நாங்கள் போட்டி போட்டுக்கொண்டிருந்தோம். பெரிய கணினி வாங்க வக்கில்லை. எட்டுச் சின்னக் கணினிகளை ஒயரில் கோத்து, வேலையை எட்டுப் பங்காகப் பிரித்துக் கொடுத்து, முடிவில் ஒன்றாகச் சேர்ப்பது என் யோசனை. அதிகாரி முன்னால் நாற்பது நிமிடத்துக்குள் பதிவேடு முழுவதும் அச்சுக்குத் தயாராக வேண்டும். தயாரானால் வேலை எங்களுக்கு.

சோதனை அம்சத்தின் பொறுப்பு. அதே வேலையை முதலில் ஒரே கணினியில் ஓட்டினார். பிறகு இரண்டில், நான்கில், எட்டில். ஒரே கணினிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. எட்டும் சேர்ந்து முப்பத்தாறே நிமிடத்தில் முடித்தன. இராஜாங்கம் அல்வா வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்.

அம்சம் மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. "ஒண்ணுல பதினெட்டாயிரத்து நானூத்தி நாப்பத்திரண்டு பேர் வர்றாங்க. எட்டுல பதினோரு பேர் குறையுறாங்க சார்."

"பதினெட்டாயிரத்துல பதினோரு பேர் கண்ணுக்கே தெரியாதும்மா" என்றார் முதலாளி.

"அந்தப் பதினோரு பேருக்கும் தெரியுங்களே."

மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு பட்டியல்களையும் வரி வரியாக ஒப்பிட்டார். நாலு மணிக்கு என்னிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"இதப் பாருங்க. காத்தான், தகப்பனார் வீரையன். எங்கப்பா. காணும்."

"இருக்காரேம்மா" என்று திரையில் காட்டினேன்.

"இவரு கீழத்தெரு காத்தான் சார். இவங்கப்பா பேரும் வீரையன்தான். எங்க ஊர்ல வீரனுக்கும் காத்தவராயனுக்கும் நேந்துக்கிட்டுப் பேரு வைப்பாங்க. வீட்டுக்கு வீடு ஒரு காத்தான் இருப்பாரு."

எனக்குச் சுருக்கென்றது. ஒரே ஊர், ஒரே பெயர், ஒரே தகப்பன் பெயர் என்று இரண்டு கணினிகளிலிருந்து வந்தால், ஒரே ஆள் இரண்டு முறை வந்துவிட்டான் என்று ஒன்றை வெட்டும்படி நான்தான் எழுதியிருந்தேன். மாயவரம் கடைத்தெருவில் வளர்ந்தவனுக்கு இரண்டு காத்தான்கள் எங்கே தெரியப்போகிறார்கள்! ஒரே கணினியில் ஓட்டும்போது சேர்க்கிற வேலையே இல்லாததால் யாரும் வெட்டுப்படவில்லை.

காத்தானை வெளியேற்ற நிலத்துக்காரர் ஏற்கெனவே கோர்ட்டுக்குப் போயிருந்தார். பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் காத்தான் அங்கே சாகுபடி செய்யவே இல்லை என்று சாதித்துவிடுவார்கள்.

சர்வே நம்பரையும் சேர்த்துப் பார்க்கும்படி அன்று மாலையே திருத்தினேன். பதினோரு பேரும் திரும்பி வந்தார்கள். நேரம் மட்டும் நாற்பத்து மூன்று நிமிடம் ஆகிவிட்டது. எவ்வளவு முட்டி மோதியும் அதற்குக் கீழே இறங்கவில்லை.

"நாளைக்குப் பழசையே ஓட்டு, வேலை கையில வந்ததும் திருத்திக்கலாம்" என்றார் இராஜாங்கம்.

மறுநாள் அதிகாரி சாவித்திரி வந்து உட்கார்ந்ததும் அம்சம் புதியதையே தட்டிவிட்டார். நாற்பதாவது நிமிடம் தாண்டியபோது முதலாளி என்னை முறைத்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"நாற்பதுக்குள்ள முடியணும்னுதானே நிபந்தனை?" என்றார் அதிகாரி.

அம்சம் எழுந்து நின்றார். "முப்பத்தாறுலயும் தரலாங்க மேடம். இந்தப் பதினோரு பேர் இருக்க மாட்டாங்க." பட்டியலை நீட்டினார். "ரெண்டாவதா இருக்குறவரு எங்கப்பா."

அதிகாரியின் புருவம் ஏறியது. "அப்போ உங்க அப்பாவுக்காகத்தான் இவ்வளவும்?"

"அவரு பேர் நின்னு கீழத்தெரு காத்தான் பேர் போயிருந்தாலும் இங்க வந்து இதையேதான் சொல்லியிருப்பேன். சோதனை பண்றது என் வேலைங்க."

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. எனக்கு அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது.

சாவித்திரி இரண்டு பட்டியல்களையும் வைத்து, பதினோரு பெயர்களையும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு நிபந்தனைத் தாளில் நாற்பதை அடித்துவிட்டு நாற்பத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வேலை எங்களுக்கே வந்தது. கோர்ட்டில் அந்தப் பதிவேட்டின் நகல் ஆதாரமாக நின்றது. அடுத்த குறுவைக்கு இரண்டு காத்தான்களும் அவரவர் வயலில் நாற்று விட்டார்கள்.