வெயில் வந்தால்

ஊட்டியில் தைலக்கடையைத் தாண்டும்போதெல்லாம் எங்கள் பழைய மசூதிச் சந்து மூக்கில் ஏறிவிடுகிறது. பாரசீகம் படித்த பக்கத்து வீட்டு மௌல்வி, மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் நாளெல்லாம் பூசணம் பூத்த புத்தகங்களைத் தைலம் தொட்டுத் துடைத்து, சந்து நெடுகக் கயிற்றுக் கட்டில்களில் காயப்போடுவார். ஆடு வாய் வைக்காமல் நான் காவல் இருப்பேன். பிரிவினையின்போது கராச்சிக்குக் கிளம்பியவர் சாவியை என் கையில் தந்து, "வெயில் வந்தா காயப்போடு பாப்பா, வந்துருவேன்" என்றார்.

"அந்த ஊட்டுப் பக்கம் போகாத கண்ணு, ஆராவது பாத்தா நம்மளையும் ஏதாவது சொல்லுவாங்க" என்று அம்மா சாவியை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டாள். பூட்டிய கதவிடுக்கில் தைல வாசம் குறைந்து பூசண வாசம் கூடிக்கொண்டே வந்தது. பானை எட்டும் உயரத்தில்தான் இருந்தது.

இன்றும் வெயிலடித்தால் ஊரே வெளியே வந்து நிற்கிறது. நான் உள்ளே போய்விடுகிறேன்.