அசல் இரும்புச் சிலுவை

மயிலாப்பூரில் குடியிருந்துகொண்டு ஜெர்மன் ராணுவப் பதக்கம் சேர்த்தவன் நான். எழுபதுகளில் மூர் மார்க்கெட்டில் 'இரும்புச் சிலுவை' என்கிற வீரப் பதக்கம் இரண்டு கிடைத்தன. ஒன்று அசல்: கறுப்புப் பூசிய இரும்புத் தகடு, அதை இருபுறமும் கவ்வியிருக்கும் வெள்ளி விளிம்புகள், அவற்றைப் பற்றவைத்த இடத்தில் மயிரிழைபோல ஒரு கோடு. மற்றது போலி. ஒரே அச்சில் வார்த்த பித்தளைக்கு மேல் பூச்சு, அவ்வளவுதான். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பூதக்கண்ணாடியைக் கொடுத்து அந்தக் கோட்டைக் காட்டுவேன். காபி ஆறிவிடும்; கோடு மட்டும் யாருக்கும் தெரியாது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் என் மனைவி அரிவாள்மணை, சுத்தியலோடு பதக்கங்களையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். "யுத்தத்துல குத்திண்டதுதானே, இதுவும் ஆயுதம் மாதிரிதான்" என்றாள்.

பூஜையன்று காலை அசலில் துரு பூத்திருந்தது. போலி, பூச்சு போய்க் குத்துவிளக்கு மாதிரி ஜொலித்தது.

"ஏன்னா, துருப்பிடிச்சதை உங்க தலையில கட்டிட்டான் கடைக்காரன். இது ஒண்ணுதான் அசல்" என்று போலிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

அந்தக் கோட்டை அவளுக்குக் காட்டியே தீருவதென்று பூதக்கண்ணாடியை எடுத்தேன். அதற்கும் பொட்டு வைத்திருந்தாள், கண்ணாடியின் நட்டநடுவில்.