மாற்றி மாட்டிய வயர்

திருப்போரூரில் கார் ஸ்பீக்கர் விற்பவரைப் பார்த்து, வாடிக்கையாளர்கள் முன்னால் திருடன் என்று கத்தினேன். ஆசைக்கு வாங்கிய என் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அவர்தான் மலிவாக நல்ல ஸ்பீக்கர்கள் தேடித் தந்தார். கூலியை மிச்சம்பிடிக்க நானே மாட்டினேன். பாட்டு வந்தது, தபேலாவின் அடி மட்டும் கேட்கவில்லை. போலிச் சரக்கு என்று சண்டைக்குப் போனேன். கடையில் நின்றவர்கள் வாங்காமலே கலைந்தார்கள்.

பிறகு கார் கதவின் உள்மூடியைக் கழற்றிப் பார்த்தால், ஒரு பக்கம் பிளஸ், மைனஸ் வயர்களை நானே மாற்றி இணைத்திருக்கிறேன். ஒரு ஸ்பீக்கர் எதிராக அதிர்ந்து மற்றதன் அடியை அமுக்கியிருக்கிறது. பொறியியல் படித்தவன் நான்.

வயரைச் சரிசெய்துவிட்டு, கடைக்குப் போய் முணுமுணுப்பாக மன்னிப்புக் கேட்டேன்.

"இன்னா சார், அன்னிக்கு தெருவுக்கே கேட்டுச்சு. இன்னிக்கு எனக்கே கேக்கல?"

அங்கிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, தப்பு என்னுடையது என்றேன். அவர் சிரிக்கவில்லை. காரில் ஏறி, மாமல்லபுரம் வரை ஓட்டச் சொன்னார். பாதி வழியில், பாட்டின் தபேலா அடிக்கு அவர் விரல்கள் தாளம் போட்டன.