மண்ணெண்ணெயில் ஓடிய மொட்டைக் கார்

அத்தான் அந்தக் காரின் கதவு இடுக்கில் சுண்டு விரலை விட்டுப் பார்த்த விதம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. புதுக்குடியிருப்பில் ஓர் அரிசி ஆலையின் பின்கொட்டகை. காருக்குக் கூரை இல்லை, இருக்கை இரண்டே இரண்டு, அதில் ஒன்றில் அடைக்கோழி படுத்திருந்தது. ஒருகாலத்தில் சிவப்பாக இருந்திருக்க வேண்டும். ஊரில் எல்லோரும் அதை மொட்டைக் கார் என்றுதான் சொல்வார்கள். அத்தான் எஞ்சினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தி, கதவுக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள இடுக்கை மேலிருந்து கீழ்வரை விரலால் அளந்தார். பிறகு நடுவில் ஜக் வைத்துத் தூக்கி மறுபடி அளந்தார். தூக்கியபோதும் இடுக்கு மாறவில்லை. அடிச்சட்டம் துருவேறி உக்கிய கார் என்றால் தூக்கும்போது நடுவில் வளைந்து கதவு இறுகிவிடும் என்று எனக்கு விளக்கம் சொன்னார். அதன்பின் கதவுக்குக் கீழுள்ள தகட்டை ஆணிதிருப்பியின் பிடியால் நீளத்துக்குத் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்திலும் சத்தம் மந்தமாகவில்லை. கோழியைத் தூக்கி என் கையில் தந்துவிட்டு, இதுதான் நமக்கு என்றார்.

அதற்கு முதல்நாள் பரந்தன் பக்கம் வேறொரு காரைப் பார்த்திருந்தோம். அது பளபளவென்று பூச்சுப் பூசி, ஒரு தட்டில் எஞ்சின் எழும்புகிற கார். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. அத்தான் தட்டிப் பார்த்தபோது சுவரைத் தட்டுவது போலச் சத்தம் வந்தது. துருப்பிடித்த ஓட்டைகளுக்குள் சீமெந்தைக் குழைத்து அடைத்து மேலே வர்ணம் அடித்திருந்தார்கள். பொருளாதாரத் தடையில் சீமெந்துக்கு ஊரெல்லாம் தவம் கிடந்த காலம். கிணற்றுக் கட்டுக்குக் கிடைக்காத சாமானை அந்தக் கார் விழுங்கி வைத்திருந்தது. “எஞ்சின் செத்துக் கெடந்தா எழுப்பிடலாம் மச்சாள். சட்டம் உக்கிப் போனா ஒண்ணுஞ் செய்ய ஏலாது” என்றார். எங்களோடு பேசும்போது எங்கள் தமிழ் பேசத்தான் அவர் முயல்வார். வாகனத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் மலையகத் தமிழ் தானாக வந்துவிடும்.

அத்தான் என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பன் தோட்டத்துத் துரைக்குச் சாரதி. அந்தத் துரைக்குக் கார் ஓட்டப் போட்டிப் பைத்தியம். பழைய விமான ஓடுபாதை ஒன்றில் பழைய கார்களை ஓடவிட்டுப் பார்ப்பாராம். அங்கே சில்லுக் கழற்றி மாட்டி அத்தான் வேலை பழகினார். எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத்து லயன் வீடுகள் எரிந்தபோது குடும்பத்தோடு வன்னிக்கு வந்துவிட்டார்கள். முதலில் மற்றவர் வயலில் கூலி வேலை, பிறகு வாகனத் திருத்தகம், கடைசியில் சொந்தமாக ஒரு பழைய வாடகைக் கார். வட்டக்கச்சியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வாய்க்கால் தள்ளி, அனுமதிப்பத்திரம் இல்லாத காட்டோரக் காணியில் இருந்தார். அக்கா அவரைத்தான் கட்டுவேன் என்று நின்று கட்டினாள்.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விளைவித்து, தன்னைப் பெரிய கமக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தவர். அக்கா போனபிறகு மூன்று வருடம் அவள் பெயர் எங்கள் வீட்டில் எடுக்கப்படவில்லை. அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தால் ‘உவன் தோட்டக்காட்டான்’ என்பார். வயலுக்குப் போகிற வழி அவர்கள் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். அப்பா சைக்கிளில் அந்த இடம் வந்ததும் மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருமுறை அப்படித் திருப்பி வாய்க்காலுக்குள் விழுந்தும் இருக்கிறார். தூக்கிவிட ஓடிவந்த அத்தானின் கையைத் தட்டிவிட்டு, ஈரத்தோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நான் சிரித்ததற்கு அன்று எனக்குச் சோறு இல்லை. அப்போது நான் கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர், வயது இருபத்தாறு.

தொண்ணூற்றைந்தில் சமாதானப் பேச்சு நடந்த அந்தச் சில மாதங்களில் எல்லோருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. தடை தளர்ந்து, சவர்க்காரம், பற்றரி, கொஞ்சம் பெற்றோல்கூட உள்ளே வந்தன. சித்திரை வருடப் பிறப்புக்கு விளையாட்டுக் கழகத்தார் சைக்கிள் ஓட்டம், மாட்டு வண்டிச் சவாரி, அவற்றோடு முதல்தடவையாகக் கார் ஓட்டமும் வைப்பதாக அறிவித்தார்கள். அறுவடை முடிந்து காய்ந்த வயல்வெளியைச் சுற்றி, வாய்க்கால் வீதியையும் சேர்த்து மூன்று சுற்று. அந்தச் செய்தியைக் கேட்டதும் அத்தானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன் வாடகைக் கார் சோற்றுக்கு ஓடுவது, அதை வளைவில் சாய்க்க முடியாது என்று சொல்லி வேறு கார் தேடத் தொடங்கினார். அரிசி ஆலை முதலாளியின் பிள்ளைகள் கிளிநொச்சியில் தங்கி என்னிடம் ரியூசன் படித்ததால்தான் நான் துணைக்குப் போனது. ஆலை எஞ்சினை அத்தான் திருத்திக் கொடுப்பது, மொட்டைக் காரை முதலாளி ஓட்டத்துக்கு இரவல் கொடுப்பது என்று பேச்சு முடிந்தது.

அக்கா அப்போது ஆறு மாதம். எங்கள் ஆட்களிடத்தில் முதல் பிள்ளைப்பேறு தாய்வீட்டில்தான். அக்கா எதையும் வாய்விட்டுக் கேட்காதவள், ஆனால் அம்மாவைப் பற்றி விசாரிக்கிற சாட்டில், எந்த அறையில் கட்டில் போட்டிருக்கிறது என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டாள். எங்கள் வீட்டில் அறை இருந்தது. அப்பாவின் ஒரு சொல்தான் இல்லை. அத்தானுக்கும் அது தெரியும். காருக்குக் கீழே படுத்துக்கொண்டு, “அவவுக்கு அம்மாகிட்ட இருக்கணும்னு ஆசை” என்று ஒருதரம் சொன்னார். அதற்குமேல் அந்தக் கதையை எடுக்கவில்லை.

காரை அவர் ஆயத்தப்படுத்திய ஒழுங்கு எனக்கு வேடிக்கையாக இருந்தது. எஞ்சினைத்தான் முதலில் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பிரேக்கில் தொடங்கினார். நிற்கத் தெரியாத வண்டியை ஓட விடக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். பிரேக் எண்ணெய் எங்கும் இல்லை. ஆமணக்கெண்ணெயில் ஸ்பிரிற் கலந்து ஊற்றினார். பிறகு பாரம் குறைத்தார். முன்பின் தடுப்புக் கம்பி, மேலதிகச் சில்லு, பக்கத்து இருக்கை எல்லாம் கழன்றன. நான்கு ரயர்களுக்காக ஏழு ரயர்களை உருட்டிப் பார்த்து, ஒரேயளவு தேய்ந்த இரண்டை முன்னுக்குப் போட்டார். கடைசியில்தான் எஞ்சின். மற்றச் சாரதிகள் பெற்றோலுக்காக வவுனியாவுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அத்தான் மண்ணெண்ணெயிலேயே ஓடுவதென்று முடிவெடுத்தார். ஐந்து வருடமாக வன்னியில் கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. எழுப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல், பிறகு புகையும் நாற்றமுமாக முழுக்க மண்ணெண்ணெய். அதன் குணத்தை அவரைப்போல அறிந்தவர் இல்லை.

மண்ணெண்ணெய் நன்றாக எரிய வேண்டுமானால் போகிற வழியிலேயே அது சூடாக வேண்டும். அதற்காக, தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற செப்புக் குழாயை, நெருப்பாகக் கொதிக்கும் புகைக்குழாயில் நாலு சுற்றுச் சுற்றினார். செப்பு மடங்கிவிடாமல் உள்ளே மணல் நிரப்பிச் சுற்ற அரைநாள் போனது. மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். இதில் பெற்றோல் விட்டால் இன்னும் வேகமாக ஓடாதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். “இந்தச் சூட்டுக்குப் பெற்றோல் குழாய்க்குள்ளயே கொதிச்சு ஆவியாப் போயிரும். ரெண்டு சுத்து ஓடும். மூணாவது சுத்து ஓடாது” என்றார். ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு மூன்று சுற்றும் ஓடிக் காட்டினார். மற்றச் சாரதிகள் வரம்பில் நின்று பார்த்துவிட்டுக் கலைந்து போனார்கள்.

மாட்டுச் சவாரியில் வண்டி எந்தக் கமக்காரருடையதோ அவர் பெயரைத்தான் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். ஓட்டுகிறவனை ‘இன்னாரின் மகன்’, ‘இன்னாரின் மருமகன்’ என்பார்கள். கார் ஓட்டத்துக்கும் அதே முறை. அத்தானுக்குத் தன் பெயரில் காணி இல்லாததால் ஆலை முதலாளியின் பெயரில் பதிந்திருந்தார். அது எப்படியோ அப்பாவின் காதுக்குப் போய்விட்டது. ஓட்டத்தன்று காலை, நானும் அக்காவும் காரடியில் நிற்க, அப்பா சைக்கிளில் ஒரு சாக்குப் பையோடு வந்து இறங்கினார். பைக்குள் மெழுகு வைத்து அடைத்த மூன்று சாராயப் போத்தல்கள். தடை வந்து வன்னிப் பாதை பூட்டிய வருடம் நெல்லறைக்குக் கீழே புதைத்து வைத்த பெற்றோல். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளில்கூட அதை அவர் வெளியே எடுக்கவில்லை.

“உந்தக் கார் ஆரின்ரை பேரிலை ஓடுது?” என்று கேட்டார். மூன்று வருடத்தில் அத்தானிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“மில் முதலாளி பேர்லங்க, மாமா.”

“எங்கடை வாய்க்காலிலை இருக்கிற ஆள் ஊரானின்ரை பேரிலை ஓடுறதோ? கழகத்திலை பேரை மாத்திப்போட்டுத்தான் வாறன். என்ரை மருமகன் எண்டு சொல்லுவாங்கள். ஆனா என்ரை பேரிலை ஓடுற கார் மண்ணெண்ணெய் மணக்கக் கூடாது. உந்த எண்ணெயை வடிச்சுப்போட்டு இதை ஊத்தும்.”

‘உவன்’ என்று மூன்று வருடம் சொன்ன வாய் ‘ஊத்தும்’ என்று மரியாதையாகச் சொன்னது. அக்காவின் கண் கலங்கியதைப் பார்த்தேன். ஆனால் எனக்குச் செப்புக் குழாய்தான் ஞாபகம் வந்தது. ஓட்டத்துக்கு ஒரு மணித்தியாலம்தான் இருந்தது, சுற்றிய குழாயைக் கழற்றி நிமிர்த்த நேரம் போதாது. அப்பாவிடம் சொல்ல வாய் திறந்தேன். அத்தான் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார், வேண்டாம் என்று. பிறகு அக்காவைப் பார்த்தார். பிறகு போத்தலின் மெழுகை உடைத்து, மூக்கில் பிடித்து, “நல்ல பெற்றோல் மாமா” என்றார். மண்ணெண்ணெய் முழுவதையும் வடித்துவிட்டு, மூன்று போத்தலையும் கடைசிச் சொட்டுவரை ஊற்றினார். அப்பா பக்கத்தில் நின்று போத்தல்களைத் திரும்ப வாங்கிச் சாக்குக்குள் வைத்துக்கொண்டார்.

ஒன்பது கார்கள் ஓடின. முதல் சுற்றில் மொட்டைக் கார் முன்னுக்கு வந்தது. இரண்டாவது சுற்றில் மற்றவர்களுக்குத் தூசி மட்டும்தான் தெரிந்தது. ஒலிபெருக்கி அப்பாவின் பெயரைச் சொல்லி ‘அவர்களின் மருமகன்’ என்று ஒவ்வொரு சுற்றிலும் சொல்ல, அப்பா வரம்பில் ஏறி நின்று சால்வையை ஆட்டினார். அவர் அப்படிச் சந்தோசப்பட்டு நான் பார்த்ததில்லை. மூன்றாவது சுற்றில் வாய்க்கால் வளைவு தாண்டியதும் கார் இரண்டு தரம் இருமியது. பிறகு நின்றுவிட்டது. ஒவ்வொரு காராகக் கடந்து போயிற்று. அத்தான் இறங்கி, அதைத் தனியாகத் தள்ளிக்கொண்டு கடைசியாக எல்லைக்கோட்டுக்கு வந்தார்.

அப்பா வயலுக்குக் குறுக்கே நடந்து போய், வேர்வை துடைக்கத் தன் சால்வையைக் கொடுத்தார். “உம்மடை எஞ்சின் வேலை பிழைச்சுப் போச்சுப்போலை” என்றார். சுற்றிவர மற்றச் சாரதிகள் எல்லோரும் நின்றார்கள்.

“ஓம் மாமா. என்ட வேலைதான் பிழைச்சிருச்சு.”

“பறவாயில்லை. பிள்ளைப்பெறுவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வாரும். இண்டைக்கே வந்தாலும் சரி.”

அக்கா அன்று பின்னேரமே வந்துவிட்டாள். எனக்கு அப்பாவில் கோபம், அத்தானில் அதைவிடக் கூடுதல் கோபம். ஊரெல்லாம் அவருடைய வேலையைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்தது. உண்மையை ஏன் சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன். வென்றிருந்தால் அப்பா இன்னும் சந்தோசப்பட்டிருப்பாரே என்றேன். பெற்றோலை வேண்டாம் என்றிருந்தால் பெயரையும் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்றார் அத்தான். அது சரிதான், அப்பாவை எனக்குத் தெரியாதா. “போட்டி அடுத்த சித்திரைக்கும் வரும் மச்சாள்” என்று சொல்லி, மொட்டைக் காரை ஆலைக்குத் திருப்பிக் கொண்டுபோய் விட்டார்.

அந்த வாரம் முடிவதற்குள் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. அடுத்த சித்திரைக்குப் போட்டி வைக்கிற நிலைமையில் யாரும் இல்லை. அதற்குப் பிறகு சில மாதங்களில் கிளிநொச்சி முழுதாக இடம்பெயர்ந்தபோது, எங்கள் சட்டிபானை, கதிரை, கைக்குழந்தை எல்லாம் அத்தானின் வாடகைக் காரில்தான் புதுக்குடியிருப்புக்குப் போயின. அப்பா முன்னிருக்கையில் இருந்தார். மண்ணெண்ணெய் மணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அங்கே ஒரே வளவுக்குள் இரண்டு கொட்டில் போட்டு ஐந்து வருடம் இருந்தோம். யார் வந்தாலும் அப்பா அந்த ஓட்டக் கதையைச் சொல்வார். என்னுடைய பெற்றோல் சுத்தமான பெற்றோல், எஞ்சின்தான் காலை வாரிவிட்டது என்று முடிப்பார். அத்தான் பக்கத்தில் இருந்து, ஓம் மாமா, என்று தலையாட்டுவார். வந்தவர்களில் அநேகர் அவரிடம் வாகனம் திருத்தக் கொடுக்க நினைத்து வந்தவர்கள். வன்னிப் பாதை மறுபடி திறப்பதற்கு முந்திய வருடம் அப்பா காலமானார். கொள்ளிக்குடம் தூக்கியது அத்தான்.

மொட்டைக் கார் என்ன ஆனது என்று தெரியாது. தாய்வீட்டில் பிறந்த அந்தப் பிள்ளை, என் பெறாமகள், இப்போது இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு வவுனியாவில் வேலை செய்கிறாள். பழைய கார்களை வாங்கித் திருத்தி ஓட்டப் பாதைகளில் ஓடவிடுகிறவர்களின் படங்களைத் தொலைபேசியில் பார்ப்பது அவளுக்கும் ஒரு பைத்தியம். போன மாதம் நான் போயிருந்தபோது, அந்தக் காரை எப்படி ஆயத்தப்படுத்தினீர்கள் என்று தகப்பனைத் துருவித் துருவிக் கேட்டாள். கதவு இடுக்கு, பிரேக், ரயர், செப்புக் குழாயின் நாலு சுற்று, ஒன்றும் விடாமல் சொன்னார். வேலையைப் பற்றிப் பேசும்போது அவருக்கு எதையும் மறைக்க வராது. அவள் அந்த நாலு சுற்றையும் ஒரு கடதாசியில் கீறிப் பார்த்தாள்.

“அப்பா, உங்கடை எஞ்சினிலை ஒரு பிழையும் இல்லை. அந்தச் சூட்டிலை பெற்றோல் குழாய்க்குள்ளயே கொதிச்சு ஆவியாப் போயிருக்கும். அதுதான் நிண்டது. தாத்தா பெற்றோல் தராட்டி நீங்கள்தான் முதலாவதா வந்திருப்பீங்கள்.”

அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, தலை முழுக்க நரைத்துவிட்டது.

“அப்பிடியா மகள்” என்றார். “அது எனக்கு அப்பத் தெரியாமப் போச்சே.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.