மாதாவின் காலில் ஒரு சிவப்புக் கோடு

பிலோமினாக்கா காலமான செய்தி ஹட்டன் போகும் பஸ்ஸில் என்னை வந்தடைந்தது. அவருடைய மகள் போனில், "சார், அம்மா போயிட்டாங்க. காலையில தேத்தண்ணி கேட்டாங்க, நான் ஊத்திக்கிட்டு வர்றதுக்குள்ள…" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். பஸ் மஸ்கெலியா டவுனைத் தாண்டியிருந்தது. இறங்கி, எதிர்ப் பக்க பஸ்ஸுக்காக நின்றேன். அழுகைக்கு முன்னால் வந்தது, இனி ஒரு படத்தைக் காட்டி யாரிடம் கேட்பது என்ற எண்ணம்தான்.

அவரை நினைக்க இங்கே கூடியிருக்கும் உங்களுக்கெல்லாம் அவர் பிள்ளைக்காம்பரா அக்கா. தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகுமுன் கைக்குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் அவரிடம்தான் விட்டுப் போவார்கள். நான் பள்ளிக்கூடத்துச் சித்திர ஆசிரியன். தோட்டத்துக் கோயிலின் பங்குக் குழுவில் இருவரும் ஒன்றாக இருந்தோம். கூட்டங்களில் அதிகம் பேசுகிறவன் நான். அவர் மூலையில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருமுறை குழுவினர் சேர்ந்து எடுத்த போட்டோ கையிலிருந்து கைக்கு மாறி அவரிடம் போனது. சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதுல ரெண்டு பேருக்குச் சண்டை போலிருக்கே" என்றார். எங்கள் தலைவரும் பொருளாளரும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்ற படம் அது. "மூஞ்சிய எல்லாரும் நல்லாத்தாங்க வச்சுக்குவாங்க. காலப் பாருங்க, ஒருத்தர் பாதம் கிழக்க, ஒருத்தர் பாதம் மேற்க." அடுத்த வாரமே சண்டை வெளியே வந்தது. அன்று முதல் அவர் பக்கத்தில் நிற்கும்போது என் காலை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நம் கோயிலின் பக்கவாசல் மேலே ஒரு பலகை ஓவியம் இருக்கிறதல்லவா, திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பி ஓடும் காட்சி? யாரோ ஒரு தோட்டத்து ஆள் அந்தக் காலத்தில் வரைந்தது, பெயர் தெரியாது. மாதா பிள்ளையை அணைத்தபடி மலைப்பாதையில் நடக்கிறார், முன்னால் போகும் சூசையப்பர் திரும்பிப் பார்க்கிறார். நீல முக்காடு வானத்துக்கு அடையாளம், சூசையப்பர் திரும்பிப் பார்ப்பது பிள்ளையைக் கொல்லத் தேடும் ஏரோது அரசனின் படைக்குப் பயந்து என்று நான் வருடக்கணக்காகப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஈரத்தில் படம் கெட்டுப்போகவே, திருவிழாவுக்கு முன் அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் நாள் பூஞ்சணம் சுரண்டினேன். இரண்டாம் நாள் மாதாவின் கணுக்காலில் வழிந்திருந்த ஒரு சிவப்புக் கோட்டை மறைக்கத் தூரிகையை எடுத்தேன். பூ மாற்ற வந்த பிலோமினாக்கா, "சார், அத அழிக்காதீங்க" என்றார்.

"சாயம் வழிஞ்சிருக்கு அக்கா."

"சாயம் வழிஞ்சா நேராத்தானே கீழ எறங்கும்? இது காலச் சுத்தி வந்திருக்கு. அட்டை கடிச்ச ரத்தம் இது."

நான் சிரித்தேன். "எகிப்துல ஏதுக்கா அட்டை?"

"எகிப்துல இருக்கோ இல்லியோ, வரைஞ்சவரு நம்ம மலையிலதானே நடந்தாரு?" என்றவர், கிட்ட வந்து நின்றார். "மழை நாள்ல தாய்மாரு இப்படித்தாங்க வருவாங்க. காலெல்லாம் ரத்தம் ஓடும், அவங்களுக்குத் தெரியாது. புள்ளய என் கையில குடுத்ததுக்கு அப்புறந்தான் குனிஞ்சு பார்ப்பாங்க. இவங்க இன்னும் குனியல பாருங்க. புள்ளய வாங்கிக்க இன்னும் ஒரு ஆளு கெடைக்கல இவங்களுக்கு."

மாதாவின் முகத்தில் நான் அமைதி என்று சொல்லிக்கொடுத்தது முழுவதும் பயம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவர் கண் சூசையப்பரிடம் போயிற்று. "இவரு படையவா பார்க்குறாரு? தூரத்துல வர்ற ஆளப் பார்க்க தலை நிமிரணும். இவரு கண்ணு கீழ மாதா காலுகிட்ட நிக்குது. அதுக்குத்தானே கையில உப்புப் பொட்டலம்…" சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். "எங்க சார் அது? வெள்ளையா ஒரு சின்ன முடிச்சு இருந்துச்சே?"

பூஞ்சணம் என்று முந்தின நாள் நான் சுரண்டி எடுத்து, மேலே பழுப்பு பூசிய இடம் அது. அட்டையை விழவைக்க மலைக்குப் போகிறவர்கள் உப்பை முடிந்து கொண்டுபோவது எனக்குத் தெரியாததல்ல. என் அம்மாவே முடிந்திருக்கிறார். பார்த்தும் தெரியாமல் போனது.

"ஏன் அக்கா இத்தன நாளா சொல்லல?"

"யாரும் கேக்கலியே சார்."

அதற்குள் தலைவர் உள்ளே வந்து, "என்ன சார், ஏதாச்சும் பிரச்சினையா?" என்றார். நான் விழித்தேன். அக்காதான், "ஒண்ணுமில்லீங்க, காலுல இருக்கிறது ரத்தம்னு சொல்லிக்கிட்டிருந்தேன்" என்று கதையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்.

மறுநாள் அவரை அருகில் வைத்துக்கொண்டே பொட்டலத்தைத் திரும்ப வரைந்தேன். ஞாயிறுதோறும் பார்த்த கண் அது. எவ்வளவு பெரியது, எந்த விரலுக்குள் இருந்தது என்று சொன்னார். நான் அழகாக ஒரு வெள்ளை முடிச்சுப் போட்டேன். "உப்பு மழையில கசியும் சார், துணி அடியில நனைஞ்சிருக்கணும்" என்று திருத்தினார். பிள்ளையின் மூடிய கைக்குள் என்ன இருக்கிறது என்று ஆசையோடு கேட்டேன். "அது எனக்குத் தெரியலீங்க. தெரியாதத தெரியாதுன்னே விட்டுருங்க" என்றார்.

திருவிழாவன்று கூட்டம் அந்தப் படத்தின் முன்தான் நின்றது. அக்கா ரத்தத்தையும் பார்வையையும் விளக்க, பெண்கள் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். "அந்தப் பொட்டலத்தப் பாருங்க, அந்தக் காலத்து ஆளுக்கு என்னா நுட்பம்!" என்றார் தலைவர். அக்கா என்னைப் பார்த்தார். நான் பேசாமல் நின்றேன். அவரும் பேசவில்லை.

பிறகொரு நாள், "ஏன் அக்கா என்னக் காட்டிக்குடுக்கல?" என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் சார் இருக்கேன்."

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எத்தனையோ கூட்டங்கள் வந்து போயின. இன்று, நாளை என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன்.

நேற்று அவரை அடக்கம் செய்தோம். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் காத்திருந்த பார்வை ஒன்றுதான். எனவே உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்: சூசையப்பர் கையில் பழைய ஓவியர் வைத்த உப்பைச் சுரண்டியவன் நான். இப்போது இருப்பது, அக்கா சொல்லச் சொல்ல நான் வரைந்தது. பிந்திவிட்டேன், அக்கா.